தியானம் பண்றவ சொத்து கேக்கலாமா?

செம்பூர்லேர்ந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. லெட்டர் ரொம்ப நீளம், சுருக்கி சொல்றேன். வயசு 51, ஃபோர்ட்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை. அவங்க அப்பா வேலைக்காலம் பூரா மும்பையில இருந்து சம்பாதிச்சு, திருநெல்வேலி பக்கம் சொந்த ஊர்ல ஒரு வீடு கட்டினார், மாடி எடுக்கும்போது இவங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின சம்பளமும் அதுக்குள்ளதான் போயிருக்கு. போன வருஷம் அப்பா தவறிட்டார், உயில் எதுவும் எழுதல. அம்மா ஊர்ல தம்பி கூட இருக்காங்க. இப்ப அண்ணனும் தம்பியும் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரம் ரெடி பண்ணி வச்சுக்கிட்டு, வந்து கையெழுத்து போட்டுட்டுப் போன்னு கேக்கறாங்க. இவங்க இகத்புரியில பத்து நாள் விபாசனா தியான கோர்ஸ் போய்ட்டு வந்து, அதுக்கப்புறம் தினமும் காலையில உக்கார்றவங்க. அது அண்ணனுக்கும் தெரியும். வாய்ஸ் நோட்ல அவர் சொன்னது இது: "ஏட்டி, தியானம்லாம் பண்ணுத, பத்து நாள் வாயத் தொறக்காம இருந்துட்டு வந்திருக்க, ஒனக்கு எதுக்கு சொத்து?"

கடைசியில இவங்க கேக்கறாங்க: "மேடம், இப்ப கண்ணை மூடினாலே அண்ணன் குரல்தான் கேக்குது, கோவத்துல உடம்பே கொதிக்குது. இத்தனை நாள் பண்ண தியானம் எல்லாம் வீணா? பற்றை விடணும்னு புத்தர் சொல்றார்னா கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கறதுதானே சரி? இல்ல இன்னொரு பத்து நாள் போய்ட்டு வந்தா தெளிவு வருமா?"

அன்பு அக்காவுக்கு,

என்னைவிட மூத்தவங்க, அதனால அக்கான்னே கூப்பிடறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இப்போதைக்கு கையெழுத்து போடாதீங்க. எப்பவும் போடக்கூடாதுன்னு சொல்லல, இந்த மனநிலையில, இந்தக் காரணத்துக்காகப் போடாதீங்கன்னு சொல்றேன். ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப வலிச்சது சொத்து விஷயம் இல்ல, கோவம் வந்ததால உங்க தியானமே தோத்துப்போச்சுன்னு நீங்க முடிவு கட்டினதுதான். இத நிறைய பேர்கிட்ட பாக்கறேன். பத்து நாள் கோர்ஸ்ல ஃபோனை வாங்கி வச்சுடுவாங்க, யார் கூடவும் பேச வேண்டாம், சாப்பாடு நேரத்துக்கு வந்துடும், காலையில நாலு மணிக்கு மணி அடிச்சா எழுந்து உக்காரறது மட்டும்தான் வேலை. அங்க மனசு அடங்கறது பெரிய விஷயம்தான், நான் குறைச்சு சொல்லல. ஆனா அந்த அமைதியையே அளவுகோலா வச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்தப்புறம் வர்ற ஒவ்வொரு கோவத்தையும் தோல்வின்னு எண்ண ஆரம்பிச்சா அது உங்களுக்கு நீங்களே பண்ற அநியாயம்.

புத்தர் இதுக்கு ஒரு கதை சொல்லியிருக்கார், மஜ்ஜிம நிகாயம்ங்கற உபதேசத் தொகுப்புல ரம்பம் உவமை சொல்ற சூத்திரத்துல வருது. சாவத்தி நகரத்துல வேதேஹிகான்னு ஒரு வீட்டுக்காரம்மா, ரொம்ப சாந்தமானவங்கன்னு ஊர் முழுக்க பேரு. அவங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு காளி நல்ல கெட்டிக்காரி, எல்லா வேலையும் சுத்தமா முடிச்சு வச்சுடுவா. அவளுக்கு ஒரு சந்தேகம், இந்தம்மாக்கு நிஜமாவே கோவம் இல்லையா, இல்ல நம்ம வேலை சரியா இருக்கறதால வெளிய வரலையான்னு. சோதிச்சுப் பாக்க ஒரு நாள் லேட்டா எழுந்தா, அம்மா முகம் சுளிச்சாங்க. மறுநாள் இன்னும் லேட், திட்டினாங்க. அதுக்கடுத்த நாள் இன்னும் லேட், கதவுத் தாழ்ப்பாளை எடுத்து மண்டையில ஒரே அடி, ரத்தம். இதச் சொல்லிட்டு புத்தர் சொல்றது என்னன்னா, காதுக்கு இதமா எல்லாரும் பேசிட்டு இருக்கற வரைக்கும் யார் வேணா சாந்தமா இருக்கலாம், கசப்பான பேச்சு வந்து விழும்போதுதான் தெரியும்.

இதப் படிச்சுட்டு "அப்ப நானும் வேதேஹிகா மாதிரிதானா"ன்னு நினைக்காதீங்க. வேதேஹிகாவுக்கு கை ஓங்கற வரைக்கும் கோவம் இருக்கறதே தெரியல. நீங்க கண்ணை மூடின உடனே தெரிஞ்சுக்கறீங்க, அது எங்க கொதிக்குதுன்னு கூட எழுதியிருக்கீங்க, தொண்டையில அடைப்பு, வயித்துல எரிச்சல்னு. சதிபட்டான சூத்திரத்துல, அதாவது இந்தப் பயிற்சிக்கெல்லாம் மூலமான உபதேசத்துல, மனசை கவனிக்கறதப் பத்தி சொல்ற பகுதியில, வெறுப்போட இருக்கற மனசை வெறுப்போட இருக்கற மனசுன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் இருக்கு. அங்க உன்னைத் திட்டிக்கோன்னும் இல்ல, உடனே அதைத் துடைச்சு எறின்னும் இல்ல. அதுக்கப்புறம் வர்ற பகுதியில, அது எப்படி கிளம்புது, எப்படி போகுது, திரும்ப வராம எப்படி இருக்கும்னு பாக்கச் சொல்றார். அதனால நீங்க பண்ற பயிற்சி வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு அக்கா, அப்பா போன துக்கத்தோட சேந்து இவ்ளோ பெரிய விஷயம் முதல் தடவையா அதுக்கு முன்னாடி வந்து நிக்குது, அவ்வளவுதான்.

ஆனா உங்க லெட்டர்ல ஒரு வரி எழுதிட்டு நீங்களே தாண்டிப் போயிட்டீங்க. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் அந்த வாய்ஸ் நோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறேன்னு. புத்தர் ரெண்டு அம்பு பத்தி சொல்வார், கேள்விப்பட்டிருப்பீங்க. முதல் அம்பு பட்டா வலிக்கும், அது யாருக்கும் தப்பாது, பயிற்சி இல்லாதவன் அது மேலயே ரெண்டாவது அம்பையும் வாங்கிக்கறான்னு. அண்ணன் பேசினது முதல் அம்பு. அது வலிக்கத்தான் செய்யும், கூடப்பிறந்தவன் அப்படிப் பேசினா வலிக்காம இருந்தாதான் கவலைப்படணும். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு அதையே மறுபடி கேக்கறது, கேட்டுட்டு "நான் அன்னைக்கே இப்படி கேட்டிருக்கணும்"னு மனசுக்குள்ள வசனம் எழுதறது, அது ரெண்டாவது. இதை இன்னைக்கே நிறுத்தலாம். அந்த வாய்ஸ் நோட் ஆதாரமா தேவைப்படலாம், அழிக்க வேண்டாம், மகளோட ஃபோனுக்கு அனுப்பி வச்சுட்டு உங்க ஃபோன்லேர்ந்து எடுத்துடுங்க. விடறதுன்னு எதையாவது ஆரம்பிக்கணும்னா இங்கேர்ந்து ஆரம்பிங்க, இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா நிஜமாவே உங்க கையில இருக்கறது இதுதான்.

இப்ப பெரிய கேள்விக்கு வர்றேன். பற்றை விடறதுன்னா பங்கை விடறதான்னு கேக்கறீங்க.

இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கலாம், ஆனா ஒண்ணு இல்ல. கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு இருபது வருஷம் மனசுக்குள்ள புழுங்கிக்கிட்டே இருந்த பொண்ணுங்களை எனக்குத் தெரியும், ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அது கிளம்பி வரும், ஒரு சென்ட் நிலம் கூட அவங்க கையில இல்ல, ஆனா பற்று முழுசா அவங்ககிட்டதான் இருக்கு. அதே மாதிரி பங்கைக் கேட்டு வாங்கிட்டு, அண்ணன் மேல வன்மம் இல்லாம அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் வேலை செய்யறவங்களும் இருக்காங்க. புத்தர் சொல்ற வரிசை என்ன? ஒரு விஷயம் வந்து தொடும், உணர்வு வரும், அதுலேர்ந்து வேட்கை, வேட்கைலேர்ந்து பிடிச்சுத் தொங்கறது. பிடி மனசுல நடக்கற ஒண்ணு. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல அதை ரத்து பண்ண முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. பிக்குகளுக்குச் சொன்னதையும் குடும்பஸ்தங்களுக்குச் சொன்னதையும் நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம். அங்குத்தர நிகாயம்ங்கற இன்னொரு தொகுப்புல கோலிய குலத்தைச் சேந்த தீகஜாணுன்னு ஒருத்தர் வந்து புத்தர்கிட்ட நேராவே கேக்கறார், நாங்க பிள்ளைகுட்டிகளோட நெருக்கியடிச்சுப் படுக்கறவங்க, சந்தனம் பூசறவங்க, பொன்னும் வெள்ளியும் வாங்கறவங்க, எங்களுக்கு ஏத்த மாதிரி சொல்லுங்கன்னு. புத்தர் அவரை எல்லாத்தையும் விடுன்னு சொல்லல. முயற்சியா சம்பாதி, சம்பாதிச்சதைக் காப்பாத்து, நல்லவங்களோட சேரு, வரவுக்கு ஏத்த மாதிரி வாழுன்னு சொன்னார். எதுலேர்ந்து காப்பாத்தணும்னு ஒரு பட்டியலும் குடுத்தார், ராஜா பறிச்சுக்கிட்டுப் போகாம, திருடன் தூக்காம, தீ எரிக்காம, வெள்ளம் அடிச்சுட்டுப் போகாம, அன்பில்லாத வாரிசுங்க கைக்குப் போகாம! ரெண்டாயிரத்து சொச்சம் வருஷம் முன்னாடியே கூடப்பிறந்தவங்க பஞ்சாயத்து அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வேர்வை சிந்தி நேர்மையா சம்பாதிச்சது பத்திதான் அங்க பேச்சு, உங்க அப்பா மும்பையில உழைச்ச உழைப்பும் மாடிக்குப் போன உங்க சம்பளமும் அதுல அடங்கும்னுதான் நான் நினைக்கறேன்.

நீங்க பயிற்சி எடுத்த வழியையே பாருங்களேன். இந்த விபாசனா கோர்ஸை இங்க கொண்டு வந்த கோயங்கா பர்மாவுல மாண்டலேல பிறந்து வளந்த வியாபாரக் குடும்பத்துக்காரர், தீராத தலைவலிக்கு வழி தேடித்தான் இதுக்குள்ள வந்தார், 1969ல இந்தியா வந்து முதல் கோர்ஸ் நடத்தினதே இந்த மும்பையிலதான். அவருக்குக் கத்துக்குடுத்த ஊ பா கின் பர்மா அரசாங்கத்துல அக்கவுண்டன்ட் ஜெனரலா இருந்தவர், நீங்களும் அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்க, கணக்கு சரியா இருக்கணும்னு கேக்கறது ஆன்மீகத்துக்கு விரோதம் இல்லன்னு அவரைப் பாத்தாலே புரியும். ரெண்டு பேருமே குடும்பஸ்தங்க.

உங்க அண்ணன் சொன்னது தியானத்தைப் பத்தின கருத்தே இல்ல, அது ஒரு பேரம். உங்ககிட்ட இருக்கற நல்லதை எடுத்து உங்களுக்கு எதிராவே வைக்கறார். இத அவர் தெரிஞ்சு செய்யறாரா தெரியாம செய்யறாரான்னு எனக்குத் தெரியாது, அதுக்குள்ள போகவும் வேண்டாம். ஆனா நீங்க உங்களுக்கே அதைப் பண்ணிக்காதீங்க. ஜான் வெல்வுட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், அவரே பௌத்தப் பயிற்சில இருந்தவர், 1980கள்ல இதுக்குத் தனியா "ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்"னு பேரே வச்சார், மனசுல இருக்கற காயத்தையும் பயத்தையும் பாக்காம ஆன்மீகத்தை வச்சு சுத்திக்கிட்டுப் போறதுக்கு. நல்ல மனசுக்காரங்கதான் இதுல அதிகமா மாட்டறாங்க.

உங்க பயம் என்னன்னு லெட்டர்லயே இருக்கு. பங்கு கேட்டா அம்மாவை நல்லாப் பாத்துக்க மாட்டாங்களோ, அடுத்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் பேசினா தாய்மாமன் மாலை போட யாரு வருவா, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஏறினா எந்த வீட்டுக்குப் போவேன். இது மூணுமே நியாயமான பயம். பிறந்த வீடு இல்லாமப் போறது ஒரு பொண்ணுக்கு என்னன்னு ஆம்பளைங்களுக்கு லேசுல புரியாது. நான் சொல்ல வர்றது, நீங்க இறுக்கிப் பிடிச்சிருக்கறது நாலுல ஒரு பங்கு வீட்டைன்னு நினைக்கறீங்க, எனக்கு அப்படித் தெரியல. "நீயும் இந்த வீட்டுப் பொண்ணுதான், இந்த மாடி உன் காசுல எழும்புனதுதான்"னு அண்ணன் வாயால ஒரு வார்த்தை வரணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. அதுதான் பிடி. பங்கை நீங்க சட்டப்படி கேக்கலாம், கிடைக்கும். அந்த வார்த்தையை யார்கிட்டயும் கேட்டு வாங்க முடியாது, அது வரலாம், வராமலே போகலாம். விட வேண்டியது இதைத்தான், இது கையெழுத்தைவிட நூறு மடங்கு கஷ்டம், ஒரே நாள்ல நடக்காது.

இதுக்கு தினசரி என்ன பண்றதுன்னா, காலையில உக்காரும்போது கோவம் வந்தா அண்ணன் சொன்ன வார்த்தைக்குள்ள போகாம உடம்புக்கு வாங்க, அதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. தொண்டை அடைக்குதா, அந்த அடைப்பு எவ்ளோ பெருசு, சூடா இருக்கா, துடிக்குதா, நகருதான்னு பாருங்க. தாங்க முடியலன்னா மூச்சுக்கு வந்துடுங்க, ஆனாபானா, அதாவது மூச்சை மட்டும் கவனிக்கறது, அதைப் பண்ணிட்டு திரும்பப் போங்க. ஒரு மணி நேரம் உக்கார்ந்தே தீரணும்னு பல்லைக் கடிக்க வேண்டாம், இந்த சமயத்துல இருபது நிமிஷம் போதும், கண்ணைத் திறந்துகூட உக்காரலாம். இந்த இடத்துல சைக்காலஜிஸ்டா சொல்றேன், துக்கமும் கோவமும் சேந்து இருக்கும்போது நீளமா உக்காந்தா சிலருக்கு இன்னும் மோசமாகும், அதைத் தாங்கிக்கறதுக்குப் பேரு தவம் இல்ல.

கோவத்துக்கு அடியில வேற ஒண்ணு வந்தா, அதுதான் அழுகை, தடுக்காதீங்க. அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகுது, காரியம் முடிஞ்ச உடனே பத்திரப் பேச்சு ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க இன்னும் அப்பாவுக்காக அழவே இல்லன்னு தோணுது.

சாயங்காலம் சிஎஸ்எம்டில ஏறி செம்பூர்ல இறங்கற வரைக்கும் ஹார்பர் லைன்ல லேடீஸ் டப்பால நிக்கறீங்களே, அது அருமையான நேரம். ஊர்லேர்ந்து ஃபோன் வந்தா அந்தக் கூட்டத்துல எடுக்க வேண்டாம். பாதம் தரையில அழுந்தறது, கம்பியைப் பிடிச்ச கை, வண்டி ஆட்டத்துக்கு உடம்பு தானா சமாளிச்சுக்கறது, இதுல கவனத்தை வைங்க. மனசு அண்ணன்கிட்ட ஓடும், வடாலா வந்தா ஒரு தடவை, குர்லா வந்தா ஒரு தடவை, எங்க இருக்கோம்னு பாத்துக்கிட்டு திரும்பப் பாதத்துக்கு வாங்க. ஓடினதுக்கு வருத்தப்படாதீங்க.

மைத்ரி, அதாவது எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினைக்கற தியானம், அதைப் பண்ணும்போது அண்ணனை முதல்ல கொண்டு வரணும்னு கட்டாயப்படுத்திக்கறீங்க போல, அது வேண்டாம். பழைய பௌத்த ஆசிரியர்களே வரிசை சொல்லியிருக்காங்க, முதல்ல தனக்கு, அப்புறம் மதிப்பும் பிரியமும் உள்ளவங்களுக்கு, அப்புறம் நல்லதும் கெட்டதும் இல்லாத யாரோ ஒருத்தருக்கு, பகை இருக்கறவங்க கடைசியில. உங்களுக்கும் அம்மாவுக்கும் பண்ணுங்க, இப்போதைக்கு அது போதும், அண்ணனோட முறை வரும்போது வரட்டும்.

சட்டம் என் துறை இல்ல, ஆனா இத சொல்லாமப் போனா தப்பாயிடும். அப்பா சுயமா சம்பாதிச்ச வீடு, உயில் இல்லன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், தம்பி, நீங்க நாலு பேருக்கும் சமப் பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுன்னு சொல்லி அது இல்லாமப் போகாது. நல்ல வக்கீல் ஒருத்தரைப் பாருங்க, ஊர்ல இருக்கறவர் வேண்டாம், இங்க மாட்டுங்கா பக்கமே தமிழ் தெரிஞ்ச வக்கீல்ங்க இருக்காங்க. வாரிசு சான்றிதழ்ல உங்க பேர் இருக்கான்னு பாருங்க, வில்லங்கம் போட்டுப் பாருங்க, பவர் எழுதிக் குடுன்னு கேட்டா அதுக்கும் தலையாட்டாதீங்க. அம்மாவோட பங்கு அம்மாவுக்குத்தான், அவங்ககிட்டயும் கையெழுத்து வாங்கறாங்களான்னு கேளுங்க. உங்க லெட்டர்ல அம்மா என்ன நினைக்கறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, அது எனக்கு உறுத்துது. அம்மாவுக்குத் தனியா ஃபோன் பண்ணுங்க, தம்பி பக்கத்துல இல்லாத நேரமா பாத்து.

அண்ணனுக்கு பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருக்கறதும் ஒரு பாரம்தான். குடும்ப க்ரூப்ல போடாம அவருக்கு மட்டும் அனுப்புங்க: "அண்ணே, இப்ப நான் கையெழுத்து போடல. அம்மா இருக்கற வரைக்கும் அந்த வீட்டுல அவங்க நிம்மதியா இருக்கணும், அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். பங்கு விஷயம் நாலு பேரும் உக்காந்து பேசுவோம், நான் ஊருக்கு வர்றேன்." இவ்வளவு போதும். தியானம் பத்தி அவர் சொன்னதுக்கு பதில் வேண்டாம். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வச்சிருந்து, காலையில உக்காந்து எழுந்தப்புறம் ஒரு தடவை படிச்சுட்டு அனுப்புங்க. எரிச்சலா ஒரு பதில் வரும், அது வரும்போது தொண்டை அடைக்கும், பாத்துக்குவீங்க.

பேசி முடிச்சப்புறம், ஒரு நாள், எனக்கு வேண்டாம், தம்பியே வச்சுக்கட்டும், அவன்தானே அம்மாவைப் பாத்துக்கறான்னு உங்களுக்கே தோணலாம். அப்ப குடுங்க, அது தானம், அதுல எந்தத் தப்பும் இல்ல. புத்தர் தானம் பண்றவங்களுக்கு மூணு அடையாளம் சொல்லியிருக்கார், குடுக்கறதுக்கு முன்னாடி சந்தோஷம் இருக்கும், குடுக்கும்போது மனசு தெளிவா இருக்கும், குடுத்தப்புறம் நிறைவா இருக்கும். இன்னைக்கு நீங்க கையெழுத்து போட்டா இந்த மூணுல எது இருக்கும்னு உங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. முன்னாடி பயம், போடும்போது அழுகை, போட்டப்புறம் வருஷக்கணக்கா அந்த வாய்ஸ் நோட். தவிர உங்க பங்கு எதுன்னே நிர்ணயம் ஆகாம நீங்க அதை எப்படி தானமாக் குடுப்பீங்க?

தூக்கம் இல்லன்னு எழுதியிருக்கீங்க, எத்தனை நாளான்னு எழுதல. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் சரியில்லன்னா, இல்ல இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி நினைப்பு எட்டிப் பாத்தா, தியானத்தாலயே சரி பண்ணிக்கலாம்னு உக்காந்து இருக்காதீங்க. 14416க்கு கூப்பிடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர், காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

இன்னொரு பத்து நாள் கோர்ஸ் கேட்டீங்க. கண்டிப்பா போங்க, ஆனா இப்ப இல்ல. ஃபோன் இல்லாம பத்து நாள் உள்ள இருக்கும்போது ஊர்ல என்ன நடக்குதோன்னு மனசு அடிச்சுக்கும், இருக்கற நிலைமையில அது உங்களுக்கு நல்லதும் இல்ல. வக்கீலைப் பாத்து, அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பி, ஊருக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தப்புறம் அப்ளிகேஷன் போடுங்க, ஃபார்ம்ல உடம்பு மனசு நிலைமை கேக்கற இடத்துல தூக்கம், துக்கம் எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க. அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை கோராய்ல இருக்கற விபாசனா பகோடாவுக்குப் போங்க, ஏற்கெனவே பத்து நாள் முடிச்சவங்களுக்கு அங்க ஒரு நாள் கோர்ஸ் இருக்கு, போரிவலி வரைக்கும் ட்ரெயின், அங்கேர்ந்து கோராய் ஜெட்டில படகு. மகளையும் கூட்டிட்டுப் போங்க, அவ உள்ள உக்கார முடியாது, ஆனா வெளிய சுத்திப் பாக்கலாம், திரும்பி வரும்போது இந்த வீட்டு விஷயத்தை அவகிட்ட முழுசா சொல்லுங்க. அவளுக்கும் தெரியட்டும்.